ட்ரேசிங்கோடு போன திருத்தங்கள்

சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் நாட்களில் ஏதாவதொரு மேடையில் "மின்னூல் அச்சுப் புத்தகத்தை அழித்துவிடுமா?" என்று ஒரு கலந்துரையாடல் இருக்கும். எழுத்தாளர் புதுத்தாளின் வாசனையைப் பற்றிச் சொல்வார், கைதட்டல் கிடைக்கும். இருநூறு புத்தகங்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறலாம் என்பார் கணினித் துறைக்காரர், அதற்கும் கைதட்டல். பன்னாட்டு நிறுவனங்களுக்கு முன்னால் சிறு பதிப்பகங்கள் என்ன செய்ய முடியும் என்று பதிப்பாளர் வருந்துவார். கூட்டம் கலையும். அமெரிக்காவில் 2007 நவம்பரில் கிண்டில் கருவி விற்பனைக்கு வந்ததிலிருந்து இதே நாடகத்தைச் சிறு மாறுதல்களோடு நடத்திவருகிறோம். அச்சு அழியவில்லை, மின்னூலும் போகவில்லை. எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டுவதிலேயே காலம் போய்விட்டதால், மேடையில் ஒருவரும் ஒரு சின்னக் கேள்வியைக் கேட்கவில்லை: நாம் இதுவரை அச்சிட்ட புத்தகங்களின் கோப்புகள் எங்கே?

'நாங்கள்' என்று இங்கே சொல்வது பதிப்பாளர்களை மட்டுமல்ல. பதிப்பாசிரியர், மெய்ப்புப் பார்ப்பவர், பக்கம் வடிவமைப்பவர், கடைக்கணக்கு எழுதுபவர் என்று தமிழ்ப் புத்தகத் தொழிலில் கைவைத்திருக்கும் எல்லோரும் இதில் உண்டு. நானும் இந்த வரிசையில்தான் நிற்கிறேன்.

தொண்ணூறுகளில் ஈய எழுத்துகளை மூட்டைகட்டிவிட்டு டிடிபிக்கு மாறினோம். பேஜ்மேக்கரும் ஒரு தமிழ் எழுத்துருத் தொகுப்பும் இருந்தால் ஒரு சிறு அறையில் அச்சகத்தின் பாதி வேலை முடிந்தது. ஆனால் ஒவ்வொரு எழுத்துருக்காரரும் தமிழ் எழுத்துகளைக் கணினிக்குள் தத்தம் விருப்பப்படியான இடங்களில் வைத்தார்கள். திருவல்லிக்கேணியில் அடித்த பக்கத்தை மதுரையில் திறந்தால் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் டாலர் குறியுமாகக் கொட்டும். 'கொ' என்ற ஓர் எழுத்தை அந்த எழுத்துருக்கள் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டாகவே வைத்திருந்தன. யூனிகோடிலோ முதலில் ககரம், அதன்பின் ஒகரக் குறி. பழைய கோப்பை மாற்றியில் போட்டு எடுத்தால் கொம்பு பக்கத்து எழுத்துக்குத் தாவும், கால் தனியே நிற்கும், 'ர'வும் காலும் குழம்பும். ஐந்நூறு பக்க நாவலை மாற்றினால் மறுபடி வரிவரியாக மெய்ப்புப் பார்க்க வேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது என்ற பேச்சு வந்ததும் வேலை நின்றுபோகும்.

இது தொழில்நுட்பத்தின் குறை என்று தப்பித்துவிடலாம். ஆனால் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-லேயே, தமிழுக்கு இடமிருந்தது. 1999-இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி விசைப்பலகையையும் குறியாக்கத்தையும் ஒழுங்குபடுத்தப் பார்த்தது. 2010-இல் தமிழ்நாடு அரசே யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பழைய எழுத்துருவிலேயே பக்கம் கட்டினோம். காரணம் கேட்டால், "ஆபரேட்டருக்கு அதுதான் கைப்பழக்கம், புது எழுத்துரு அச்சில் அழகாக இல்லை" என்போம். இரண்டாவதில் கொஞ்சம் உண்மை இருந்தது. நல்ல யூனிகோடு எழுத்துருவை ஒருவரிடம் காசு கொடுத்துச் செய்யச் சொல்லலாம் என்று மட்டும் எங்களுக்குத் தோன்றவில்லை.

இன்னொரு விஷயம் வெளியாட்களுக்குத் தெரியாது, சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. அந்த நாட்களில் பக்கங்களை லேசர் பிரிண்டரில் ட்ரேசிங் தாளில் எடுத்து அச்சகத்துக்கு அனுப்புவோம். கடைசி மெய்ப்பில் பிழை கண்டால் முழுப் பக்கத்தையும் மறுபடி எடுப்பது வீண்செலவு. சரியான வரியை மட்டும் தனியாக அடித்து எடுத்து, பிளேடால் நறுக்கி, பிழையான வரிமேல் ஒட்டிவிடுவோம். எழுத்தாளர் வீட்டிலிருந்து ராத்திரி தொலைபேசியில் சொன்ன திருத்தமும், பதிப்பாசிரியர் கடைசி நிமிஷத்தில் கண்டுபிடித்த ஆண்டுப் பிழையும் இப்படித்தான் புத்தகத்தில் ஏறின. அவை கோப்பில் ஏறவேயில்லை. இரண்டாம் பதிப்புக்கும் மூன்றாம் பதிப்புக்கும் அதே ட்ரேசிங்கைப் பரணிலிருந்து இறக்கி அச்சடித்தோம். பிறகு அது மஞ்சளாகி முறிந்து எடைக்குப் போனது. இன்று யாராவது பழைய சிடியைத் தேடியெடுத்து, பேஜ்மேக்கர் ஓடும் பழைய கணினியையும் தேடிப் பிடித்துத் திறந்தாலும், கையில் கிடைப்பது வாசகர் படித்த புத்தகமாக இருக்காது. அதற்கு முந்தைய, திருத்தப்படாத ஒரு பிரதியே கிடைக்கும். அப்படியே மின்னூலாக்கி விற்ற புத்தகங்களும் உண்டு. எழுத்தாளர் உயிரோடு இருந்தபோது அடித்துத் திருத்திய வாக்கியங்கள் அவர் போன பிறகு திரையில் உயிர்பெற்று வந்தன.

அந்த சிடியாவது யாரிடம் இருந்தது? எங்களிடம் இல்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு அடித்துக்கொடுத்தவரிடம் இருந்தது. அவர் கடையை மாற்றினார், கணினியை மாற்றினார், ஊருக்கே போய்விட்டார். "சார், அந்த ஃபைல் இருக்கா?" என்று எழுத்தாளர் கேட்டால், "ஆபரேட்டரைக் கேட்டுச் சொல்றேன்" என்பது எங்கள் துறையின் நிலைத்த பதில். பிரதியை எண்ணி வைத்தோம், தாள் ரீமை எண்ணி வைத்தோம். நூலின் மூலத்தைக் கூலிக்கு வேலைசெய்தவரின் மேசை இழுப்பறையில் விட்டுவைத்தோம்.

நாங்கள் இப்படி இருந்த அதே காலத்தில், தொழிலுக்கு வெளியே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நினைத்தால் தலை குனிகிறது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. அதை முன்னெடுத்த கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த வேதியியல் அறிஞர். பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழர்கள் அலுவலகம் முடிந்த நேரத்தில் சங்க இலக்கியத்தையும் பக்திப் பாடல்களையும் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள், இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். யாரும் கூலி வாங்கவில்லை. குறியாக்கம் மாறியபோது நூல்களையும் அதற்கு மாற்றிக்கொண்டு யூனிகோடு வரை வந்து சேர்ந்தார்கள். ஈழத்தில், 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகத்திலிருந்து, 2005-இல் நூலகம் என்னும் மின்னூலகம் எழுந்தது. நாவல், சிறுபத்திரிகை, பாடசாலை மலர், துண்டுப் பிரசுரம் என்று எதையும் விடாமல் வருடினார்கள். 2013-இல் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழுவினர் எழுத்தாளர்களிடம் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் அனுமதி வாங்கி, எல்லாக் கருவிகளிலும் படிக்கும்படி மின்னூல் செய்து இலவசமாகத் தந்தார்கள். தமிழ் மின்னூலின் முதல் அத்தியாயத்தை எழுதியவர்கள் பொறியாளர்களும் பேராசிரியர்களும் இல்லத்தரசிகளும்தான். எங்கள் விலாசம் அதில் இல்லை.

2016 டிசம்பரில் அமேசான் தன் இந்தியக் கிண்டில் கடையில் தமிழ், இந்தி, மலையாளம், மராத்தி, குஜராத்தி மொழி மின்னூல்களைத் திறந்தது. கதவு திறந்த அன்று எங்கள் கையில் கொடுக்க என்ன இருந்தது? பிடிஎஃப் இருந்தது. அச்சுக்கென்று கட்டிய பக்கத்தின் படம் அது. அலைபேசித் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி வெளியே ஓடிவிடும். ஈபப் வடிவம் எப்படி இருக்கும், தலைப்புக்கும் பத்திக்கும் எப்படிக் குறியிட வேண்டும் என்று தெரிந்தவர்கள் எங்களில் சிலரே. எழுத்தாளர்கள் காத்திருக்கவில்லை. தம் கையெழுத்துப் பிரதியைத் தாமே வோர்டில் அடித்து வைத்திருந்தவர்கள், வலைப்பூவில் எழுதிப் பழகியவர்கள் நேரடியாக ஏற்றினார்கள். 2018-இல் அமேசானின் 'பென் டு பப்ளிஷ்' போட்டியில் தமிழும் சேர்ந்தபோது அந்த வரிசை இன்னும் நீண்டது. அட்டையை அவர்களே செய்தார்கள், விலையை அவர்களே வைத்தார்கள். எழுத்துப் பிழைகள் நிறைய இருந்தன. அதைச் சொல்லிச் சிரித்தோம். நல்ல பதிப்பாசிரியர் ஒருவரை நாங்கள் அவர்களுக்குக் கொடுத்திருக்க முடியுமே என்பது சிரிப்பு அடங்கிய பிறகுதான் உறைத்தது.

சிலர் கோபப்பட்டார்கள். "என் எழுத்தாளர் என்னைக் கேட்காமல் கிண்டிலில் போட்டுவிட்டார்!" அவர் ஏன் கேட்க வேண்டும்? காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். 2012 திருத்தம் இன்னொன்றையும் சேர்த்தது: ஒப்பந்தம் போட்ட காலத்தில் வழக்கத்தில் இல்லாத ஊடகம் எதுவும், அதைக் குறிப்பாகச் சொல்லியிருந்தாலொழிய, அந்த ஒப்பந்தத்துக்குள் வராது. எங்கள் ஒப்பந்தங்களோ பெரும்பாலும் ஒரு காபியோடு முடிந்தவை. "பார்த்துச் செய்ங்க" என்பார் எழுத்தாளர். "செஞ்சிடலாம்ண்ணே" என்போம். பழக்கத்தின் இதத்தில் எழுதாமல் விட்ட அந்தத் தாள்தான் பின்னால் எங்களுக்கே எதிராக நின்றது. எழுத்தாளர் காலமானபின் நிலைமை இன்னும் மோசம். மனைவியும் மக்களும் பல ஊர்களில் இருப்பார்கள், மின்னுரிமை யாருக்கு என்று யாருக்கும் தெரியாது. புத்தகம் அச்சிலும் இல்லை, திரையிலும் இல்லை. காப்புரிமை எழுத்தாளர் மறைந்த பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். ஒரு தலைமுறைக்கு மேலாக அந்தப் புத்தகம் அந்தரத்தில் தொங்கும்.

உரிமைச் சிக்கலே இல்லாத நூல்களிலாவது நன்றாகச் செய்தோமா? கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையானவை, யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். 'பொன்னியின் செல்வன்' திரைப்படம் 2022-இல் வந்தபோது மின்னூல் கடையில் அந்த நாவலைத் தேடியவர்களுக்கு எண்ணி மாளாத பதிப்புகள் கிடைத்தன. அத்தியாயம் விட்டுப்போனவை, ஒற்றெழுத்து உதிர்ந்தவை, அட்டையில் சோழனுக்குப் பதில் ஏதோ ரோமானிய வீரன் நின்றவை. பலவற்றின் பாடம் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்ததிலிருந்து அப்படியே எடுத்தது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த வியாபாரம். அதைச் செய்தவர்களைத் திட்டலாம். ஆனால் ஆண்டாண்டாக அந்த நாவலை அச்சில் விற்றுப் பிழைத்தவர்கள் நாங்கள். மூலத்தோடு ஒப்பிட்ட, சித்திரங்களும் குறிப்பும் சேர்ந்த ஒரு மின்பதிப்பை, இதுதான் நம்பத் தக்கது என்று வாசகர் சுட்டிக்காட்டும்படி, அந்தச் சந்தையில் நிறுத்த எங்களால் முடியவில்லை.

விலை வைப்பதில் நடந்தது கொஞ்சம் வேடிக்கை. எங்கள் கணக்கெல்லாம் ஃபாரத்தில். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். தாள், அச்சு, மடிப்பு, பைண்டிங் எல்லாம் அதற்குள் அடங்கும். நூலகத் துறை வாங்கியதும் ஃபாரத்துக்கு இவ்வளவு என்றுதான். ஃபாரமே இல்லாத ஒரு புத்தகத்துக்கு என்ன விலை வைப்பதென்று தெரியாமல், ஒருபுறம் அச்சுவிலையையே வைத்தோம், மறுபுறம் டீ விலைக்குத் தள்ளினோம். எழுத்து, பதிப்பு, மெய்ப்பு ஆகியவற்றுக்கு எங்கள் கணக்கில் எவ்வளவு குறைந்த இடம் கொடுத்திருந்தோம் என்பது அப்போது வெளிச்சமானது. தாளைக் கழித்துவிட்டால் விலை சொல்ல எங்களிடம் ஒன்றுமே மிஞ்சவில்லை. அரசும் தன் பங்குக்குக் குழப்பியது. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, மின்னூலுக்கு 18 விழுக்காடு என்று தொடங்கி, 2018-இல் அச்சுப் பதிப்பும் உள்ள மின்னூலுக்கு மட்டும் 5 விழுக்காடாகக் குறைத்தது. ஏன் இந்தப் பாகுபாடு என்று எங்கள் சங்கங்கள் எழுப்பிய குரல் அரங்குக் கட்டணத்துக்காக எழுப்பிய குரலில் பாதிகூட இல்லை.

அமேசானின் நிபந்தனைகள் கடுமையானவை, மறுக்கவில்லை. இந்தியாவில் விற்கும் மின்னூலுக்கு 70 விழுக்காடு உரிமத்தொகை வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற அதன் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் அந்த மின்னூலை வேறெங்கும் விற்கக் கூடாது. சேராவிட்டால் 35. ஆகவே தமிழ் மின்னூல்களில் பெரும்பகுதி ஒரே கடைக்குள் போய் உட்கார்ந்தது. இதற்கு மாற்றாகப் பதிப்பகங்கள் சேர்ந்து ஒரு பொதுக் கடை நடத்தியிருக்கலாம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசினோம். யாருடைய பெயர் முதலில் வரும் என்பதிலேயே அந்தப் பேச்சு நின்றது.

அச்சுப் புத்தகத்தை இணையத்தில் விற்பதிலும் இதே கதைதான். ஒருகாலத்தில் வாசகர்கள் அஞ்சலட்டையில் எழுதிக் கேட்பார்கள், வி.பி.பி.யில் அனுப்புவோம். ஒரு நீளமான பதிவேட்டில் அவர்கள் விலாசம் இருக்கும். கோவில்பட்டியில் யார் கவிதை வாங்குகிறார், பினாங்கில் யார் வரலாறு வாங்குகிறார் என்று கல்லாவில் இருப்பவருக்கே தெரியும். ஃபிளிப்கார்ட் 2007-இல் புத்தகக் கடையாகத்தான் தொடங்கியது, அமேசான் இந்தியா 2013-இல் வந்தது. பெருஞ்சந்தைகளுக்குப் புத்தகத்தைக் கொடுத்ததோடு அந்தப் பதிவேட்டையும் மூடிவிட்டோம். இப்போது வாங்குபவரின் ரசனை சந்தைக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. உடுமலை, பனுவல், காமன்ஃபோக்ஸ் போன்ற தமிழ் இணையக் கடைகள் புத்தகத்தை அறிந்து விற்பவை, கேள்விக்குப் பதில் சொல்பவை. அவர்களுக்குக் கொடுத்த கழிவையே காட்சி அரங்கில் வாசகருக்கும் கொடுத்து அவர்கள் காலை வாரியவர்கள் எங்களில் இல்லாமல் இல்லை. இந்தியாவில் ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது. அதைக்கூட வாங்காமல் வெளிவந்த தமிழ்ப் புத்தகங்கள் ஏராளம். ஆசிரியர் பெயரை ஓரிடத்தில் முன்னெழுத்தோடும் ஓரிடத்தில் இல்லாமலும், ஆங்கிலத்தில் நாலுவிதமாகவும் எழுதிவிட்டு, தேடினால் கிடைக்கவில்லை என்று கடைக்காரர் மேல் பழிபோட்டோம்.

2024 டிசம்பரில் அஞ்சல் துறை பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்தியபோது கொதித்தோம். கொதித்தது சரிதான், அந்தச் சலுகை சின்னக் கடைகளின் உயிர். ஆனால் அது நிற்கும் என்று எதிர்பார்த்து ஒருவரும் ஒரு கணக்கும் போட்டு வைத்திருக்கவில்லை. பாரிஸிலும் டொராண்டோவிலும் இருக்கும் வாசகருக்குப் புத்தக விலையைவிட அஞ்சல் செலவு எப்போதுமே அதிகம். மின்னூலுக்கு முதலில் கைநீட்டக் காத்திருந்தவர்கள் அவர்கள். அவர்களைப் புத்தகக் காட்சிக்கு விமானமேறி வரச் சொன்னோம்.

கடைகள் மூடும் என்பதும் புதுச்செய்தி இல்லை. 2009-லேயே அமேசான் ஆர்வெல்லின் '1984'-ஐ வாங்கியவர்களின் கருவிக்குள்ளிருந்தே அழித்தது. ஃபிளிப்கார்ட் 2015-இல் மின்னூலைக் கைவிட்டு வாடிக்கையாளர்களைக் கோபோ என்ற இன்னொரு மின்னூல் கடையிடம் ஒப்படைத்தது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் மின்னூல் கடையை மூடிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, புத்தகங்கள் மறைந்தன. அமேசானே வாங்கிய வெஸ்ட்லேண்ட் பதிப்பகத்தை 2022 பிப்ரவரியில் அதே அமேசான் மூடப்போவதாக அறிவித்தபோது, எழுத்தாளர்கள் தங்கள் புத்தகங்களை இரவோடிரவாக வாங்கி வைக்கச் சொன்னார்கள். பிறகு பிரதிலிபி நிறுவனம் அதற்குக் கைகொடுத்தது வேறு கதை. 2025 பிப்ரவரியில் கிண்டில் நூல்களைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வழியையும் அமேசான் அடைத்தது. இவ்வளவையும் செய்தியாகப் படித்தோம். கடையில் ஏற்றிய மின்னூலின் மூலக் கோப்பை இன்னொரு வட்டில் எடுத்து வைத்திருக்கிறோமா என்று மட்டும் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

களவுப் பிரதிகளைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. டெலிகிராமில் புத்தகம் வெளிவந்த வாரமே பிடிஎஃப் சுற்றுகிறது. அதைச் செய்பவருக்கு மன்னிப்பில்லை. என்றாலும் அந்தப் பயத்தைக் காரணம் காட்டி நாங்கள் யாரை வாசலிலேயே திருப்பி அனுப்பினோம் என்பதையும் சொல்ல வேண்டும். பார்வையற்ற மாணவர்கள், ஆசிரியர்கள் திரைவாசிப்பானில் கேட்பதற்குப் பாடத்தை யூனிகோடில் தரச் சொல்லி எழுதுவார்கள். காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் அவர்களுக்காக விலக்கு அளித்தது. பார்வையற்றோர் படிக்க வழிசெய்யும் மராக்கேஷ் ஒப்பந்தத்தை உலகிலேயே முதலில் ஏற்ற நாடு இந்தியா, 2014-இல். 2016-இல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் வந்தது. நாங்கள் அவர்களிடம் "வெளியே போய்விடும், தர முடியாது" என்றோம். களவுப் பிரதி தடையின்றி வெளியே போனது. கேட்டு வாங்க வந்தவருக்கு மட்டுமே கதவு அடைபட்டது. சிலசமயம் தர மறுத்ததற்கு உண்மைக் காரணம் களவுப் பயம்கூட இல்லை. தருவதற்கு யூனிகோடு கோப்பே இல்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கம்.

இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. புதிதாக வரும் பதிப்பகங்கள் இளைஞர்களுடையவை. யூனிகோடிலேயே பக்கம் கட்டுகிறார்கள், ஒப்பந்தத்தில் மின்னூலுக்கும் ஒலிநூலுக்கும் தனித்தனிப் பத்தி வைக்கிறார்கள், ஐம்பது நூறு என்று தேவைக்கு அச்சிடுகிறார்கள். ஆயிரத்து இருநூறு பிரதி அடித்துக் கிடங்கில் அடுக்கிய காலத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுகிறார்கள். இனி வரும் புத்தகங்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை.

கவலை அந்த நடுக்காலத்துப் புத்தகங்களைப் பற்றியது. ஈய எழுத்து போனதற்கும் யூனிகோடு வந்ததற்கும் இடையில் வெளிவந்தவை. மிகப் பழையவற்றைத் தன்னார்வலர்களும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் வருடிக் காப்பாற்றிவிட்டார்கள், காப்புரிமை முடிந்ததால் அது நடந்தது. நடுக்காலத்தவை காப்புரிமைக்குள் இருப்பதால் அவர்களால் தொட முடியாது, கோப்பு இல்லாததால் எங்களாலும் முடியவில்லை. அச்சான பிரதி ஒன்றே நம்பத் தக்க மூலம். அதை வைத்து மறுபடி தட்டச்சு செய்து, ஒப்பிட்டுப் பார்த்து, எழுத்தாளரோ வாரிசோ இருக்கும்போதே கையெழுத்து வாங்கி முடிக்க வேண்டும். பக்கக் கணக்கில் பார்த்தால் ஒரு புத்தகத்துக்கு ஆகும் தொகை காட்சி அரங்கின் ஃபிளெக்ஸ் அலங்காரத்துக்கு ஆவதைவிடப் பெரிதாக இருக்காது. ஒரு புத்தகத்துக்கு எஸ்டிமேட் போடும்போது எங்கள் தாளில் இன்றும் தட்டச்சு, மெய்ப்பு, அட்டை, லேமினேஷன், தாள், அச்சு, பைண்டிங், லாரி வாடகை என்று வரிகள் ஓடுகின்றன. கோப்பைப் பேணுவதற்கென்று ஒரு வரி அதில் இன்னும் ஏறவில்லை.